737 டைப் ரேட்டிங்: 19 லட்சம் கொடுத்து நான் வாங்கிய காகிதம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "தம்பி, எங்க பையன் பைலட் ஆகியே தீருவேன்னு நிக்கிறான், எவ்வளவு ஆகும்?" கரூரிலிருந்து போய் விமானம் ஓட்டுகிறான் என்று யாராவது என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் முழுக் கதையையும் சொல்லி முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

2018 கடைசியில் என் கையில் சிபிஎல், அதாவது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், இருந்தது. 200 மணி நேரம் பறந்து, விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் பேப்பர் எல்லாம் பாஸ் செய்து வாங்கிய லைசென்ஸ். 14 மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்ற ஃப்ளையிங் ஸ்கூல் 27 மாதம் இழுத்தது. ஹேங்கரில் ஏழு செஸ்னா பயிற்சி விமானம் நிற்கும், பறக்கிற நிலையில் இரண்டுதான் இருக்கும். அதை எழுதினால் தனிப் பதிவு ஆகிவிடும். வீட்டில் அதற்குள் 35 லட்சம் கரைந்திருந்தது.

சிபிஎல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஏர்பஸ்ஸையோ போயிங்கையோ தொட முடியாது. அந்தந்த வகை விமானத்துக்குத் தனியாகச் சிமுலேட்டரில், அதாவது தரையிலேயே இருக்கும் மாதிரி காக்பிட்டில், பயிற்சி எடுத்து, லைசென்ஸில் ஏற்ற வேண்டும். அதுதான் டைப் ரேட்டிங். அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். அவரிடம் இதைச் சொன்னபோது, "ஏங்கண்ணு, லேலண்ட் ஓட்டறவன் டாடாவ ஓட்ட மாட்டானா? அதுக்கொரு லைசென்ஸா?" என்று கேட்டார். எவ்வளவு ஆகும் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

டெல்லி துவாரகா பக்கம் போனால் தெருவுக்கு நாலு பைலட் கோச்சிங் சென்டர் இருக்கும். அங்கேதான் அந்த கன்சல்டன்ட்டைப் பிடித்தேன், இல்லை, அவர் என்னைப் பிடித்தார். பெயர் வேண்டாம். ஏர்லைனோடு டை-அப் இருக்கிறது, ரேட்டிங் முடித்ததும் நேராக இன்டர்வியூ, ஜாப் கன்ஃபர்ம் என்றார். ஏர்பஸ் ஏ320தான் வேண்டும் என்று கேட்டேன். "அது எல்லார்கிட்டயும் இருக்கு. போயிங் 737க்குத்தான் ஆளே இல்லை. சீட்டும் ரெடியா இருக்கு" என்றார். வெளிநாட்டில் எங்கோ 737 சிமுலேட்டரில் மலிவாக நேரம் பிடித்து வைத்திருந்தார், அதைத் தள்ளிவிட ஆள் தேடினார் என்பது பின்னால்தான் புரிந்தது.

19 லட்சம். 11 லட்சம் வங்கி வழியாக, 8 லட்சம் 'டாகுமென்டேஷன்' என்று ரொக்கமாக. ரசீது கேட்டால் வேறொரு கம்பெனி பெயரில் ஒன்று கொடுத்தார், அதிலும் 11தான் இருந்தது. ஒப்பந்தத்தில் ஜாப் என்ற வார்த்தையே கிடையாது. 'பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்' என்று ஒரே ஒரு வரி. அத்தை அடகு வைத்த நகையின் சீட்டு என் பையில் இருந்தது, அந்த அவசரத்தில் கையெழுத்துப் போட்டேன். படிக்கத் தெரியாதவன் இல்லை, படிக்காமல் போட்டேன்.

பொய் சொல்லக்கூடாது, பயிற்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்லிக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற கேப்டன், இன்றைக்கும் அவர் சொன்ன சில விஷயங்கள் காக்பிட்டில் ஞாபகம் வரும். 2019 பிப்ரவரியில் ரேட்டிங்கோடு ஊர் திரும்பினேன். மார்ச்சில் எத்தியோப்பிய விபத்தைத் தொடர்ந்து 737 மேக்ஸ் விமானங்களை டிஜிசிஏ தரையில் நிறுத்தியது. ஏப்ரல் 17ஆம் தேதி ஜெட் ஏர்வேஸ் மூடிக்கொண்டது. ஜெட்டில் பெரும்பாலும் 737தான். ஆயிரக்கணக்கான மணி நேரம் அதில் பறந்த கேப்டன்களே வேலை தேடி அலையும்போது, சிமுலேட்டரை விட்டு வெளியே வராத என்னை யார் கூப்பிடுவார்கள்?

ஜெட் மூடியது கன்சல்டன்ட்டின் குற்றம் இல்லை. ஆனால் அவர் செய்த அசிஸ்டன்ஸ் என்ன தெரியுமா? எங்கள் பேட்ச் ஒன்பது பேருடைய ரெஸ்யூமையும் ஏர்லைனின் இணையதளத்தில் யாரும் பார்க்கக்கூடிய ஒரு மெயில் ஐடிக்கு அனுப்பினார். டை-அப் என்று அவர் சொன்னது அதுதான். ஜூன் மாதத்துக்குப் பிறகு போனை எடுக்கவில்லை. நேரில் போனால் அந்த அறையில் ஐஇஎல்டிஎஸ் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. போலீசில் எழுதிக் கொடுத்தோம். ஒப்பந்தத்தைப் படித்த அதிகாரி, "வேலை தர்றேன்னு எங்கேயும் எழுதலியே" என்றார். ரொக்கம் கொடுத்ததற்குச் சாட்சியும் இல்லை.

ரேட்டிங் என்பது பட்டப்படிப்பு போல இல்லை, பீரோவில் வைத்திருக்க முடியாது. பறக்காமல் இருந்தால் காலாவதி ஆகும், மறுபடி சிமுலேட்டரில் செக் கொடுக்க வேண்டும், அதற்கும் நம் காசுதான். ஒருமுறை கொடுத்தேன். அப்புறம் 2020 மார்ச்சில் கொரோனா, மொத்தமாக விமானங்களே நின்றுபோயின. இரண்டு வருடம் அப்பாவின் பட்டறையில் கணக்கு எழுதினேன்.

2022இல் ஒரு மலிவு விலை ஏர்லைனில் கிடைத்தது. ஓடுவது ஏ320. ஆகவே இன்னொரு டைப் ரேட்டிங், அவர்கள் சொன்ன இடத்தில், அவர்கள் சொன்ன விலையில். இன்னொரு கடன். கூடவே ஐந்து வருட பாண்ட். நடுவில் விலகினால் ஒரு பெரிய தொகை கட்ட வேண்டும். பாண்ட் முடிந்தாலும் உடனே கிளம்ப முடியாது. டிஜிசிஏ விதிப்படி கோ-பைலட்டுக்கு ஆறு மாத நோட்டீஸ், கேப்டனுக்கு 2017இலிருந்து ஒரு வருடம். பழைய கம்பெனியின் என்ஓசி (தடையில்லாச் சான்று) இல்லாமல் புதிய இடத்தில் ஏற முடியாது.

சம்பளம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். மாதத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை, அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு. இந்த 'மணி' என்ன என்பதைத்தான் கேட்க வேண்டும். விமானம் நிறுத்தத்திலிருந்து நகர்வதிலிருந்து திரும்ப வந்து நிற்பது வரைதான் மணி. சென்னை–கோவை இரண்டு தடவை போய்வந்தால் நாலு செக்டார், நாலே முக்கால் மணி நேரம் கணக்கில் வரும். ஆனால் ஒரு மணி நேரம் முன்னால் ரிப்போர்ட் செய்ய வேண்டும், ஒவ்வொரு இடைவேளையிலும் அரை மணிக்கு மேல் தரையில் நிற்க வேண்டும், முடித்துவிட்டுப் பேப்பர் வேலை. வீட்டைவிட்டுக் கிளம்பித் திரும்ப பதினோரு மணி நேரம் ஆகிவிடும். அதிலும் விடிகாலை மூன்று மணிக்கு வாசலில் கார் ஹார்ன் அடிக்கும். விமானக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மழை விடக் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு பைசா கிடையாது.

ஓய்வு விதிகள் இப்போது மேலாகியிருக்கின்றன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது, இரவு லேண்டிங் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. 2024 ஜனவரியில் அறிவித்தது, நீதிமன்றம் வரை போய் 2025 நவம்பரில்தான் முழுதாக அமலுக்கு வந்தது. அடுத்த மாதமே இண்டிகோவில் ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்தாகி, இரவு விதிகளில் அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கும் கிடைத்ததை எல்லாரும் டிவியில் பார்த்தீர்கள். தூங்க வைப்பதற்குப் போதுமான பைலட்டுகளைச் சேர்த்து வைக்காதவரை எந்த விதியும் டியூட்டி ரோஸ்டருக்குள் நுழையாது என்பது என் எண்ணம்.

இவ்வளவும் தெரிந்தபிறகும் வருகிறேன் என்பவர்களுக்குச் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் கிளாஸ் 2, கிளாஸ் 1 மெடிக்கல் இரண்டையும் முடியுங்கள். என்னோடு படித்த ஒருவன் பாதிப் பணம் கட்டிய பிறகு கண் பரிசோதனையில் விழுந்தான். 2025 அக்டோபரிலிருந்து ஃப்ளையிங் ஸ்கூல்களுக்கு டிஜிசிஏ தரவரிசை போடுகிறது, அதைப் பாருங்கள். முதல் பட்டியலில் மேல் இரண்டு தரத்திலும் ஒரு ஸ்கூல்கூட இல்லை. ஸ்கூலுக்கு நேரில் போய் எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காதீர்கள், போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தன என்று மாணவர்களிடம் கேளுங்கள். ஏர்லைனின் கையெழுத்தோடு ஆஃபர் லெட்டர் வராமல் டைப் ரேட்டிங்குக்கு ஒரு ரூபாய் கட்டாதீர்கள். பாண்ட் பேப்பரை உங்கள் ஊர் வக்கீலிடம் காட்டுங்கள். ஆயிரம் ரூபாய்தான் கேட்பார்.

போன வாரம் ஜூனியர் ஒருவன் ஒரு வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி, "அண்ணா, இவரை நம்பலாமா?" என்று கேட்டான். கம்பெனி பெயர் புதுசு. டிபியில் அதே முகம், அதே கூலிங் கிளாஸ். இந்தத் தடவை ஏ320. சில சீட்டுகள் மட்டுமே மீதி, ஜாப் கன்ஃபர்ம், 26 லட்சம்.