மறைவு ஸ்பீக்கர்கள்: புது வீட்டில் எது தேறும், எது தேறாது

டி.வி. தெரிய வேண்டும், ஒலி எங்கிருந்து வருகிறது என்பது தெரியக் கூடாது. புது வீட்டில் ஹோம் தியேட்டர் கேட்பவர்களில் பலர் விரும்புவது இதைத்தான். இதற்குக் கிடைக்கும் சரக்கு ஐந்து வகை: சவுண்ட்பார், சீலிங் ஸ்பீக்கர், சுவருக்குள் பதியும் இன்-வால் ஸ்பீக்கர், பட்டிப் பூச்சுக்கு அடியில் போய்விடும் 'இன்விசிபிள்' ஸ்பீக்கர், துணிக்குப் பின்னால் நிற்கும் சாதாரண ஸ்பீக்கர். ஐந்துமே மறையும். ஆனால் ஒலியில் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முன்பக்க மூன்று ஸ்பீக்கர்களும், அதாவது இடது, வலது, நடு, காது உயரத்தை ஒட்டித் திரையின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவற்றைச் சுவருக்குள் தள்ளலாம், துணி போட்டு மூடலாம், கூரைக்கு மட்டும் ஏற்றக் கூடாது. வசனம் உச்சந்தலையிலிருந்து கேட்கும் தியேட்டரில் எத்தனை விலையுயர்ந்த ஸ்பீக்கர் இருந்தும் பயனில்லை. மற்ற ஸ்பீக்கர்கள் விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

சோபாவில் உட்கார்ந்தவரின் காது தரையிலிருந்து சுமார் 95 முதல் 110 செ.மீ. உயரத்தில் இருக்கும். உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் இடது, வலது ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து 22 முதல் 30 டிகிரிக்குள் வர வேண்டும் என்பது ஒலித் தொழில்நுட்ப நிறுவனமான டால்பி தரும் அளவு. சோபாவுக்கும் டி.வி. சுவருக்கும் 3 மீட்டர் தூரம் என்றால், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே 2.4 முதல் 3.5 மீட்டர் இடைவெளி. இந்த அளவைச் சுவரில் சாக்பீஸால் குறித்துவிட்டுத்தான் ஜன்னலும் ஷோகேஸும் எங்கே வரும் என்று பேச வேண்டும். நடைமுறையில் ஷோகேஸ் வரைபடம் முதலில் வந்து, மிச்சமான மூலைகளில் ஸ்பீக்கர் உட்காருகிறது. கோளாறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

இன்-வால்: முன்பக்கத்துக்கு இதுதான்

எங்கள் முதல் பரிந்துரை இன்-வால். மறைவதற்காக ஒலியைத் தியாகம் செய்யும் பொருள் என்று பலர் நினைப்பது தவறு. சுவரிலிருந்து 60 செ.மீ. முன்தள்ளி நிற்கும் ஸ்பீக்கரின் அடி ஒலி பின்சுவரில் பட்டுத் திரும்பி, நேர் ஒலியோடு மோதி, 140 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளத்தை உண்டாக்கும். ஆண் குரலின் கனம் இருப்பது அந்த இடத்தில்தான். சுவரோடு சுவராகப் பதிந்த ஸ்பீக்கருக்கு அந்தப் பின்சுவர்ப் பிரச்சினையே கிடையாது.

சிக்கல் சுவரில் இருக்கிறது. இந்த ஸ்பீக்கர்கள் பலகைச் சுவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. பெரும்பாலானவற்றுக்கு 9 முதல் 10 செ.மீ. ஆழம் தேவை. நாலரை அங்குலச் செங்கல் சுவரில் அவ்வளவு ஆழம் குடைந்தால் மறுபக்கத்துப் பூச்சு மட்டும்தான் மிஞ்சும். கான்கிரீட் தூணில் கைவைக்கவே கூடாது. சரியான வழி, டி.வி. சுவர் முழுவதற்கும் முன்னால் 12 முதல் 15 செ.மீ. ஆழத்தில் ஒரு பொய்ச்சுவர் எழுப்புவது. ஸ்பீக்கர், டி.வி. பிராக்கெட், பிளக், ஒயர் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அறை ஒரு சாண் அளவுகூடக் குறையாது.

பொய்ச்சுவருக்குள் மூன்று ஸ்பீக்கருக்கும் ஒரே கொள்ளளவுள்ள தனித்தனிப் பெட்டி கட்ட வேண்டும், அல்லது கம்பெனியே தரும் பேக்பாக்ஸை வாங்க வேண்டும். இதை விட்டுவிட்டால் இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் 2 மீட்டர் வெற்றிடமும் வலதுக்குப் பின்னால் 40 செ.மீ. வெற்றிடமும் அமைந்து, இரண்டின் பாஸும், அதாவது அடி ஒலியும், இரு விதமாகக் கேட்கும். கூடவே பலகையே சேர்ந்து அதிரும். ஒற்றை ஜிப்சம் போர்டுக்குப் பதில், பின்னால் 18 மி.மீ. பிளைவுட் வைத்து அதன் மேல் ஜிப்சம் அடித்தால் அதிர்வு வெகுவாக அடங்கும். காலியிடங்களில் ராக்வூல் என்ற ஒலி உறிஞ்சும் கனிமப் பஞ்சை நிரப்புவது கட்டாயம்.

கிரில்லுக்குச் சுவர் நிறத்தில் பெயின்ட் அடிக்கலாம். பிரஷ்ஷும் ரோலரும் துளைகளை அடைத்து, உச்ச ஒலி தரும் டுவீட்டரின் உயிரை வாங்கிவிடும். கிரில்லைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருக்கும் துணியையும் எடுத்துவிட்டு, நீர்க்கக் கலந்த பெயின்ட்டை ஸ்பிரேயில் இரண்டு மெல்லிய பூச்சாக அடிப்பதே முறை.

துணிக்குப் பின்னால்

அழகில் சமரசம் செய்யாதவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். பொய்ச்சுவரின் இரு பக்கமும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஒலி ஊடுருவும் துணி; அதன் பின்னால் சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையின்றி மறுபுறம் வந்தால் ஒலியும் வரும். வெல்வெட், ரெக்ஸின், தடித்த சோபாத் துணி எல்லாம் தேறாது. பத்து வருடம் கழித்து ஸ்பீக்கரை மாற்ற நினைத்தால் சட்டத்தைக் கழற்றினால் போதும், சுவரை உடைக்க வேண்டாம். ஸ்பீக்கர் இல்லாத சட்டங்களுக்குப் பின்னால் 50 மி.மீ. ராக்வூல் வைத்துவிட்டால் டைல்ஸும் கண்ணாடியும் நிறைந்த அறையின் எதிரொலியும் குறையும். ஒரே வேலையில் இரண்டு லாபம்.

சீலிங் ஸ்பீக்கர்: இடம் தெரிந்து வாங்க வேண்டும்

தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி முறைதான் அட்மாஸ்; அதன் உயர ஒலிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. இரண்டு மட்டும் வைப்பதென்றால் உட்காருபவரின் தலைக்குச் சற்று முன்னால். நான்கு என்றால் காதிலிருந்து மேல்நோக்கி முன்பக்கம் 45 டிகிரியிலும் பின்பக்கம் அதே சாய்விலும். பக்கத்திலும் பின்னாலும் ஒலிக்க வேண்டிய சரவுண்ட் ஸ்பீக்கர்களையும் கூரையிலேயே வைத்துவிட்டு, கூடவே அட்மாஸுக்கும் கூரையில் நான்கு வாங்குவது வீண் செலவு. பக்கவாட்டு ஒலிக்கும் மேல் ஒலிக்கும் உயர வித்தியாசம் இருந்தால்தான் அட்மாஸ். சரவுண்ட் கூரையில்தான் என்று முடிவாகிவிட்டால் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், அடி ஒலிக்கு ஒரு சப்வூஃபர்) போதும் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு ஃபால்ஸ் சீலிங்குக்கும் மேல் தளத்துக்கும் இடையே குறைந்தது 12 செ.மீ., பேக்பாக்ஸோடு என்றால் 18 செ.மீ. வரை வேண்டும். ஸ்பீக்கரைப் பிடித்திருப்பது போர்டைக் கவ்வும் நான்கைந்து பிளாஸ்டிக் காதுகள்தான். பவர் டிரில்லால் முடுக்கினால் காது உடையும், போர்டும் நொறுங்கும். கடைசிச் சுற்றைக் கையால்தான் திருக வேண்டும். மேல் தளத்தில் ஒரு ஆணி அடித்துப் பாதுகாப்புக் கம்பியால் கட்டிவிடுவதும் நல்லது. மாட்டி முடித்ததும் 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை ஓடவிட்டால் எந்தச் சட்டம் நடுங்குகிறது, எந்த விளக்கு கிணுகிணுக்கிறது என்பது உடனே தெரியும். பெயின்ட் அடிப்பதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

பட்டிக்கு அடியில் போகும் ஸ்பீக்கர்களைப் பற்றிச் சுருக்கமாக. ஆமினா, சோனன்ஸ் போன்றவை செய்கின்றன. ஒரு தட்டையான பலகையே அதிர்ந்து ஒலி தரும். அதன் மேல் ஓரிரு மில்லிமீட்டர் பூச்சு. கண்ணுக்குத் தெரியவே தெரியாது என்பது உண்மை. ஆனால் அதே அளவுச் சாதாரண ஸ்பீக்கரின் கூர்மையை வசனத்தில் எதிர்பார்க்காதீர்கள். பாஸும் குறைவு என்பதால் கிராஸோவரை (எதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லையை) 100-120 ஹெர்ட்ஸில் வைத்துச் சப்வூஃபரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டும். கொத்தனார் கை தாராளமாகி 5 மி.மீ. பூசிவிட்டால் ஒலி அமுங்கிப்போகும். விளிம்பில் ஃபைபர் டேப் ஒட்டாவிட்டால் ஆறு மாதத்தில் செவ்வக விரிசல் தெரியும், மறைத்ததற்கே அர்த்தம் போய்விடும். பழுதானால் சுவரை உடைக்க வேண்டியதுதான். சாப்பாட்டு அறையில் மெல்லிய இசைக்குச் சரி, தியேட்டரின் முன்பக்கத்துக்கு வேண்டாம்.

சவுண்ட்பாரையும் ஒதுக்கிவிட முடியாது. ஒயர் இழுக்கும் காலம் கடந்துவிட்ட வீட்டுக்கு அதுவே நியாயமான தேர்வு. கூரையில் எகிறி வரும் அட்மாஸ் ஒலிக்கு மட்டும் கூரை தட்டையாகவும் கெட்டியாகவும் சுமார் 2.3 முதல் 3.6 மீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும். ஓட்டைகள் கொண்ட ஒலித்தடுப்புப் பலகையோ சாய்வுக் கூரையோ இருந்தால் அந்த அம்சத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சப்வூஃபரை எங்கே ஒளிப்பது

காதுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே திசை அவ்வளவாகத் தெரியாது. ஆகவே மறைக்கத் தோதானது சப்வூஃபர்தான். ஆனால் இடம் மாறினால் ஒலி தலைகீழாக மாறும். 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் அலை அந்த நீளத்துக்குள் நின்று ஆடும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தவருக்கு அந்த பாஸ் காணாமலே போகும், சுவரோரம் இருப்பவருக்குக் குமுறும். சோபாவை நடுவிலிருந்து நகர்த்துவது முதல் வைத்தியம். ஒரு பெரிய சப்வூஃபருக்குப் பதில் இரண்டு சிறியவற்றை எதிரெதிர்ச் சுவர்களின் மையத்தில் வைப்பது அடுத்தது. எது சரிவரும் என்று காகிதத்தில் சொல்ல முடியாததால், மூன்று நான்கு இடங்களில் ஆர்.ஜி.6 கேபிளும் (டிஷ் ஆன்டெனாவுக்குப் போடும் வகை) பிளக் பாயின்ட்டும் விட்டுவையுங்கள். அலமாரிக்குள் வைப்பதென்றால் கதவு துணிக்கதவாகவும், வகை பின்துளையில்லாத சீல்டு பாக்ஸாகவும் இருக்கட்டும். அடியில் தடித்த ரப்பர் கால்கள் இல்லாவிட்டால் அலமாரியில் இருக்கும் பாத்திரமெல்லாம் தாளம் போடும்.

எந்த ஆம்ப்ளிஃபையர்

மறைவு என்றதும் எல்லோரும் காட்டுவது சோனோஸ் ஆம்ப். 22 செ.மீ. சதுரம், ஆறரை செ.மீ. உயரம், 8 ஓமில் சேனலுக்கு 125 வாட். டி.வி.யோடு ஒரே எச்.டி.எம்.ஐ. ஒயர். வீட்டில் யாருக்கும் பாடம் எடுக்காமல் இயங்கும். குறை என்னவென்றால் தனி நடு சேனல் கிடையாது. வசனம் இடது, வலது இரண்டிலும் கலந்து நடுவில் இருப்பதாகத் தோன்றும், ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு அது பக்கத்து ஸ்பீக்கருக்கு நழுவிவிடும். அட்மாஸும் இல்லை. பின் சரவுண்டையும் மறைவு ஸ்பீக்கராக வைத்தால் அதற்கு இன்னொரு ஆம்ப் வாங்க வேண்டும். இருவர் பாட்டும் படமுமாக ரசிக்கும் வரவேற்பறைக்கு நல்ல பொருள், தியேட்டர் என்று பெயர் வைத்த அறைக்குப் போதாது.

அதற்கு எல்லா ஸ்பீக்கர்களையும் ஒரே பெட்டியிலிருந்து இயக்கும் ஏ.வி. ரிசீவர்தான். டெனான் எக்ஸ்3800எச் போன்ற ஒன்பது ஆம்ப் கொண்ட மாடல் 5.1.4 அமைப்புக்கு, அதாவது 5.1-ஓடு கூரையில் நான்கு ஸ்பீக்கருக்கு, கச்சிதமாகப் பொருந்தும். நான்கு சப்வூஃபர் வெளியீடுகளைத் தனித்தனியே சரிசெய்யலாம். ஆனால் ஆழம் கிட்டத்தட்ட 39 செ.மீ. பின்னால் ஒயர் வளைய இடம் சேர்த்தால் அலமாரியின் உள் ஆழம் 50 செ.மீ. வேண்டும். 40 செ.மீ. ஷெல்ஃப் கட்டிவிட்டுக் கதவு மூடவில்லை என்று தவிப்பது சகஜம். மூடிய அலமாரியில் சூடு ஏறி ரிசீவர் தானாக அணைந்துவிடும். கீழே காற்று நுழைய வழியும், மேலே சத்தமில்லாத 12 செ.மீ. ஃபேன் ஒன்றும் விடுங்கள்.

ஒயர்: பூச்சுக்கு முன் முடிய வேண்டியது

ஸ்பீக்கரைப் பிறகு மாற்றலாம், சுவருக்குள் போன ஒயரை மாற்ற முடியாது. 20 மீட்டர் ஓட்டத்துக்கு 2.5 சதுர மி.மீ. சுத்தத் தாமிர ஒயர். போய் வரும் 40 மீட்டருக்கும் சேர்த்துத் தடை 0.3 ஓம்தான். 1.5 சதுர மி.மீ. என்றால் அது அரை ஓமை நெருங்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. 4 ஓம் ஸ்பீக்கருக்கு இன்னும் தடித்தது வேண்டும். தாமிரம் பூசிய அலுமினியத்தைத் தாமிரம் என்று தலையில் கட்டுவது நடக்கிறது. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரிசீவரிலிருந்து டி.வி.க்கோ புரொஜெக்டருக்கோ போகும் எச்.டி.எம்.ஐ.யை நேராகச் சுவரில் புதைப்பதுதான் பெரிய தவறு. பிளக் தலை 2 செ.மீ. அகலம் இருக்கும், 25 மி.மீ. குழாயின் வளைவில் சிக்கிக்கொள்ளும். 40 மி.மீ. குழாய் போட்டு, எல்போ இல்லாமல் நீள வளைவாக வளைத்து, உள்ளே ஒரு நைலான் கயிறும் விட்டுவையுங்கள். 5 மீட்டருக்கு மேல் போனால் ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. வாங்குவது நல்லது. அதற்குத் திசை உண்டு. டி.வி. முனை என்று எழுதியதை ரிசீவரில் செருகினால் படமே வராது, குழாய்க்குள் இழுத்த பிறகுதான் அது தெரியவரும். டி.வி.யின் ஒலி திரும்பி வரும் இ-ஆர்க் அந்தக் கேபிளில் வேலை செய்கிறதா என்று தரையில் விரித்து வைத்தே சோதித்துவிடுங்கள். துணைக்கு ஒரு கேட்6 நெட்வொர்க் ஒயரும் போகட்டும்.

கரண்ட் ஒயருக்கும் ஸ்பீக்கர் ஒயருக்கும் 30 செ.மீ. இடைவெளி, குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்க வேண்டும். சப்வூஃபரும் ரிசீவரும் வேறு வேறு சர்க்யூட்டில் இருந்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஒரே சர்க்யூட்டில் வைத்துவிட்டால் பாதித் தொல்லை இல்லை.

பொருத்த வருபவர் எப்படிப்பட்டவர் என்பது இந்தக் கட்டத்தில் தெரிந்துவிடும். ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் எண் ஒட்டுகிறாரா, அளவு டேப் வைத்துச் சுவரைப் படம் எடுக்கிறாரா, சீலிங் மூடும் முன்பும் மூடிய பின்பும் மீட்டர் வைக்கிறாரா என்று கவனியுங்கள். சோதனை எளிது. தூரமுனையில் இரண்டு இழைகளையும் முறுக்கிச் சேர்த்து, இந்த முனையில் ஓம் பார்க்க வேண்டும். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்த பிறகு 0.3 அருகே காட்டினால் ஒயர் நலம். எண்ணே வராவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. முறுக்கைப் பிரித்த பிறகும் எண் காட்டினால் போர்டு அடித்த ஸ்க்ரூ ஏதோ ஒயரைக் குத்தியிருக்கிறது. ஸ்பீக்கர் மாட்டியபின் 8 ஓம் என்று போட்டிருப்பது மீட்டரில் 5 முதல் 7 வரை காட்டும், அது சரிதான். சீலிங் ஆள் ஏணியை எடுத்துக்கொண்டு போவதற்கு முன் கடைசி ஒயர் வரை இதைப் பார்த்துவிடுங்கள்.