குன்னூர் வீட்டு புரோக்கர் சேவை: விளம்பரம் அருமை, படிவம் மாற வேண்டும்

குன்னூர், வெலிங்டன், கோத்தகிரி பக்கம் வாடகை வீடு பார்த்துக் கொடுக்கும் ஒரு புரோக்கர் அலுவலகத்தின் விளம்பரங்களையும் விண்ணப்பப் படிவத்தையும் வரிவரியாகப் பார்த்தோம்.

வீட்டைப் பற்றி இவர்கள் எழுதுவதில் குறையே இல்லை. "ரோட்டிலிருந்து 40 படி இறங்கணும். கார் வாசல் வரை வராது. முனிசிபல் தண்ணி வாரம் ஒரு தடவை, 2,000 லிட்டர் தொட்டி இருக்கு. மழைக்காலத்தில் பின்சுவரில் ஓதம் ஏறும். ஈபி மீட்டர் தனி." இதைப் படிக்கும் மூட்டுவலிக்காரர் தனக்குச் சரிப்படுமா என்று தானே முடிவு செய்துகொள்வார். வயதானவர்களுக்கு வீடு கிடையாது என்று ஓனர் சொல்ல வேண்டிய தேவையே வராது.

கெடுப்பது கடைசி வரி: "நம்மவங்களுக்கு மட்டும்." யாரை வேண்டாம் என்கிறார்கள் என்பது எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு விளக்காமலே புரியும். அமெரிக்காவில் 1968-ல் வந்த நியாய வீட்டுவசதிச் சட்டம் இப்படி விளம்பரம் போடுவதையே தடுக்கிறது. இங்கே எல்லோருக்கும் பொதுவாக அப்படி ஒரு சட்டம் இல்லை. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டமும் இதைத் தொடவில்லை. அதற்காக ஓனர் இஷ்டம் என்று விட்டுவிட முடியாது. தீண்டாமையைக் காரணமாக்கிக் குடியிருக்க விடாமல் தடுப்பது 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். திருநங்கை, திருநம்பி என்பதற்காக வீடு மறுப்பதை 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும், எச்ஐவி இருப்பதற்காக மறுப்பதை 2017-ன் எச்ஐவி சட்டமும் தடை செய்கின்றன.

படிவத்தில் 'சமூகம்', 'மதம்' என்ற இரண்டு கட்டங்களையும் எடுத்தே ஆக வேண்டும். வாடகை ஒழுங்காக வருமா என்பதற்கு அவை எந்தப் பதிலும் தராது. எத்தனை பேர் குடிவருகிறார்கள், வருமானச் சான்று, முந்தைய ஓனரின் போன் நம்பர், முதல் எண்கள் மறைக்கப்பட்ட ஆதார் நகல், இவ்வளவு போதும்.

வருமானச் சான்றிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்று மாத சம்பளச் சீட்டு மட்டும்தான் ஏற்போம் என்கிறார்கள். சிறு தேயிலை விவசாயி சம்பளச் சீட்டுக்கு எங்கே போவார்? பச்சைத் தேயிலை போட்டதற்கு ஃபேக்டரி கொடுக்கும் பில்லும் பாஸ்புக்கும் அதே வேலையைச் செய்யும். அளவுகோலை முன்கூட்டியே எழுதி வைத்து, வருகிற எல்லோருக்கும் அதையே வைக்க வேண்டும். விண்ணப்பம் வந்த தேதி, நேரம், மறுத்தால் அதற்கான காரணம் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். "வீடு போயிடுச்சு" என்று ஒருவரை அனுப்பிவிட்டு அதே விளம்பரத்தை ஓடவிடும்போதுதான் பாகுபாடு வெளியே தெரிகிறது.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்கிறார்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 2017 வாடகைச் சட்டம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தரவும் சொல்கிறது. இவர்கள் ஒப்பந்தத்தில் பத்து என்பது தெளிவாக இருக்கிறது, திருப்பித் தரும் கெடுவைக் காணோம். கையெழுத்துக்கு முன் அதை எழுதி வாங்குங்கள்.

சாவி கொடுக்கும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, பதிவுக்கும் இவர்களே கூட வருகிறார்கள். மலையில் இப்படிச் செய்யும் புரோக்கர் அபூர்வம். வீடு தேட இவர்களிடம் தாராளமாகப் போகலாம். படிவத்தில் அந்த இரண்டு கட்டங்களை மட்டும் நிரப்பாமல் விடுங்கள்.