உலாவியை அடையாளம் காண: யூசர்-ஏஜென்ட்டா, கிளையன்ட் ஹின்ட்ஸா?

சர்வருக்கு வரும் கோரிக்கை எந்த உலாவியிலிருந்து வருகிறது என்பதை அறிய நெடுங்காலமாக யூசர்-ஏஜென்ட் என்ற ஹெடரையே (கோரிக்கையோடு உலாவி அனுப்பும் குறிப்பு வரியையே) நம்பியிருந்தோம். அநேகமாக எல்லா உலாவிகளும் அதை முதல் கோரிக்கையிலேயே அனுப்பிவிடுகின்றன. அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில், இந்த ஹெடரைத் தேடிப் பார்க்கும் பிரவுசர்மேட்ச் வரி ஒன்றை எழுதினால் வேலை முடிந்துவிடும்.

ஆனால் அதைப் படிப்பதற்குக் கவனம் வேண்டும். குரோம் அனுப்பும் வரியில் மொசில்லா, ஆப்பிள்வெப்கிட், சஃபாரி ஆகிய பெயர்களும் இருக்கின்றன. எட்ஜ் அவற்றோடு தன் பெயரையும், ஆங்கிலத்தில் கடைசி எழுத்தை விட்டுவிட்டு, சேர்த்துக்கொள்கிறது. ஆகவே எட்ஜ், குரோம், சஃபாரி என்ற வரிசையில்தான் தேட வேண்டும்; சஃபாரியை முதலில் தேடும் விதி மூன்றையும் சஃபாரி என்றே பதிவுசெய்யும். போதாக்குறைக்கு, விண்டோஸ் 11 கணினியும், விண்டோஸ் 10-ஐப் போலவே, தன்னை 10.0 என்றே சொல்கிறது. 2019 முதல் ஐபேடின் சஃபாரி இயல்பாகத் தன்னை மேக் கணினியாகக் காட்டிக்கொள்கிறது.

உலாவி தன் விவரங்களைப் பிரித்துத் தரும் முறையான கிளையன்ட் ஹின்ட்ஸ் இந்தக் குழப்பத்தைப் பெருமளவு நீக்குகிறது. உலாவியின் பெயரும் முதன்மைப் பதிப்பும், இயங்குதளம், கைபேசியா என்பது ஆகியவை தனித்தனி ஹெடர்களில் வருகின்றன. இயங்குதளப் பதிப்பைக் கேட்டுப் பெற்றால், அந்த எண் 13 அல்லது அதற்கு மேல் இருப்பதைக் கொண்டு விண்டோஸ் 11-ஐப் பிரித்தறியலாம். எனினும் அப்படிக் கேட்பவை பொதுவாக அடுத்த கோரிக்கையில்தான் வரும். எச்டிடிபிஎஸ் இணைப்பு அவசியம். ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் இவற்றை அனுப்புவதில்லை.

பாதுகாப்பான இணைப்பு தொடங்கும்போது நடக்கும் டிஎல்எஸ் கைகுலுக்கலைக் கொண்டு கண்டறியும் ஜேஏ3 போன்ற முறைகள், குரோம் என்று பொய்சொல்லும் நிரல்களைப் பிடிக்க உதவலாம். பக்கத்தைத் தேர்ந்து அனுப்ப அவை ஏற்றவை அல்ல.

புள்ளிவிவரத்திற்கு யூசர்-ஏஜென்ட்டை அடித்தளமாக வைத்து, ஹின்ட்ஸ் வந்தால் அதற்கு முன்னுரிமை தருவது போதுமானது. உலாவிக்கு உலாவி வேறு பக்கம் அனுப்புவதை நான் ஏற்பதில்லை. இடைத்தேக்கத்தில் (கேஷில்) ஒரே பக்கம் பல நூறு பிரதிகளாகச் சிதறும், புதிய உலாவியோ வாசலிலேயே தடுக்கப்படும். வசதி இருக்கிறதா என்பதை உலாவிக்குள்ளேயே சோதிப்பதுதான் நேர்மையான வழி.

அதற்கும் விதிவிலக்கு உண்டு. உலாவியில் சர்வர் சேமித்துவைக்கும் குக்கி, பிற தளங்களிலிருந்து எழும் கோரிக்கைகளோடும் செல்லலாமா என்பதைச் சேம்சைட் மதிப்பு சொல்கிறது. அதை 'நன்' (தடையில்லை) என்று குறித்த குக்கியை குரோம் 51 முதல் 66 வரையிலான பதிப்புகள் நிராகரித்துவிடும். ஐஓஎஸ் 12 சஃபாரி அதை 'ஸ்ட்ரிக்ட்' (முழுத்தடை) என்று எடுத்துக்கொள்ளும். அந்த மதிப்பைக் குறிப்பதா வேண்டாமா என்று, குக்கியை அனுப்புவதற்கு முன்பே சர்வர் முடிவெடுத்தாக வேண்டும். அந்தப் பழைய உலாவிகள் எவையும் ஹின்ட்ஸ் அனுப்புவதில்லை என்பதால், அங்கே யூசர்-ஏஜென்ட் வரியைத்தான் படித்தாக வேண்டும்.