பழைய பேப்பர் பைண்டிங்: கும்பகோணம் பாணாதுறைப் பக்கச் சந்துக் கடை

தாத்தா சேர்த்து வைத்திருந்த 1934ஆம் வருஷ சுதேசமித்திரன் தாள்களை இங்கே பைண்டிங்குக்குக் கொடுத்தேன். மத்திய சட்டசபைத் தேர்தல் சமயத்துத் தாள்கள் அவை. எங்கள் தஞ்சை-திருச்சித் தொகுதியில் காங்கிரஸின் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் ஜெயித்து டெல்லி போனார். 1930இல் வேதாரண்யம் உப்பு யாத்திரை கிளம்பியதே அவருடைய திருச்சி வீட்டிலிருந்துதான்.

முதலில் விசாரித்த வேறொரு கடையில் மூன்று பக்கமும் மெஷினில் வெட்டி, லேமினேஷன் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. இந்தக் கடைப் பெரியவர் கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "ஏம்மா, ஓரத்துல பென்சில் எழுத்து இருக்கே, கட்டிங் போட்டா அத்தனையும் போயிடும். வெட்ட வேணாம், அப்படியே தைச்சுத் தரேன்" என்றார்.

அந்த எழுத்துதான் எனக்குப் பொக்கிஷம். எங்கள் தெருவில் யார் யாருக்கு ஓட்டு இருந்தது என்று தாத்தா குறித்து வைத்திருக்கிறார். நிலவரியோ வருமான வரியோ கட்டும் சொத்துக்காரர்களுக்குத்தான் அன்றைக்கு ஓட்டு. பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் சேர்த்தே சுமார் 14 லட்சம் வாக்காளர்கள். அதில் பெண்கள் 81,000 சொச்சம். எங்களுடையது குத்தகைச் சாகுபடி, பட்டா கிடையாது. பட்டியலின் அடியில் 'நம் வீட்டில் இல்லை' என்று எழுதியிருக்கிறார். ஓட்டே இல்லாத மனுஷர் ஒரு தேர்தலை இவ்வளவு அக்கறையாகத் தொடர்ந்திருக்கிறார்!

வேலை அருமை. அந்த மத்திய சட்டசபையின் தலைவராக இருந்த ஆர்.கே. சண்முகம் செட்டியாரே தோற்றுப்போன செய்தி வந்த தாள், மடிப்பில் இரண்டாகப் பிரிந்திருந்தது. மெல்லிய டிஷ்யூ ஒட்டிச் சேர்த்திருக்கிறார். எழுத்து ஒன்றுகூட மறையவில்லை. பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் துத்தம் கலக்கிறார். நடு மடிப்பில் நூல் தையல், மேலே நீலக் காலிகோ. பக்கம் முழுசாக விரிகிறது.

900 ரூபாய் வாங்கினார், கொடுக்கலாம். சொன்ன தேதிக்குக் கிடைக்காது, போனையும் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். முதுகில் தங்க எழுத்துப் போடும் வசதி இல்லை. பழைய தாள் கொண்டுபோகிறவர்கள் சுருட்டாமல், இரண்டு அட்டைக்கு நடுவில் தட்டையாக வைத்து எடுத்துப் போங்கள்.