கோவையில் ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் போடப் போறீங்களா? தேதியைப் பார்க்காமல் மெஷினில் ஏற்ற விடாதீர்கள்

வண்டி 2017 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. பின் டயர் இரண்டும் தேய்மான எல்லையைக் காட்டும் கட்டையைத் தொட்டுவிட்டதால், நவம்பர் முதல் வாரம் கோவையில் ஒரு கடையில் 64,000 ரூபாய் கொடுத்து ‘புது’ டயர் போடப்பட்டது. மூன்றாவது வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, கல்லாறு தாண்டி, தூறல். கொண்டை ஊசி வளைவை விட்டு வெளியே வரும் நேரம், இரண்டாவது கியர், ஆக்சிலரேட்டரில் லேசாகத்தான் கால். பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. டிராக்‌ஷன் கன்ட்ரோல் பிடித்து நிறுத்தியதால் தடுப்புச் சுவரில் மோதவில்லை.

மறுநாள் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழே நின்று டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் சங்கதி தெரிந்தது. டயரின் உள்பக்கச் சுவரில், ஒன்றில் 3120, இன்னொன்றில் 0921. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருடம். அதாவது ஒன்று 2020 ஜூலைக் கடைசியில் செய்தது, மற்றது 2021 பிப்ரவரி, மார்ச் வாக்கில் செய்தது. போட்டது 2025 நவம்பரில். ஜோடி என்று சொல்லி விற்ற இரண்டுக்கும் ஏழு மாத வித்தியாசம் வேறு.

அதைவிட மோசம் இன்னொன்று. அவை அசிமெட்ரிக் டயர்கள். அந்த வகையில் ஒரு பக்கச் சுவரில் ‘அவுட்சைட்’ என்றும் மறுபக்கம் ‘இன்சைட்’ என்றும் அச்சிட்டே வரும். இந்த வண்டியில் வெளியே நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்த எழுத்து ‘இன்சைட்’. தேதி அச்சான பக்கத்தை உள்ளே மறைப்பதற்காக டயரையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

தேதி முழுசாக ஒரு பக்கச் சுவரில் இருந்தால் போதும் என்பதுதான் டி.ஓ.டி (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) குறியீட்டு முறை. மறுபக்கத்தில் குறியீடு பாதியோடு நின்றுவிடும். டயர் காரில் ஏறிய பிறகு உள்பக்கத்தைப் பார்க்க லிஃப்ட் வேண்டும். கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும், வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

திருப்பிப் போட்டால் என்ன ஆகிவிடும்? கடையில் கேட்டதற்கு வந்த பதில்: “ஏனுங்ண்ணா, டயருன்னா கருப்பா வட்டமாத்தான் இருக்கும். எந்தப் பக்கம் போட்டா என்னங்ண்ணா ஆயிரப் போவுது?” ஆகும். அசிமெட்ரிக் டயரில் வெளித்தோளில், அதாவது வெளி ஓரத்தில், ரப்பர் கட்டைகள் பெரிதாக, வெட்டு குறைவாக இருக்கும். வளைவில் வண்டியின் பாரம் வெளிச்சக்கரத்தின் வெளித்தோளில்தான் விழும், அங்கே கட்டை வளையக் கூடாது. தண்ணீரை வெளியேற்றும் அகலக் காடிகளும் நுணுக்க வெட்டுகளும் பெரும்பாலும் உள்பக்கம். தலைகீழாகப் போட்டால் வெட்டு நிறைந்த இளகிய பக்கம் வளைவின் பாரத்தைத் தாங்குகிறது. கட்டைகள் நெளிகின்றன, ஓரம் சீக்கிரம் கிழிந்து தேய்கிறது. இந்த வண்டியில் அதோடு ஐந்து வருடம் இறுகிய ரப்பரும் சேர்ந்துகொண்டது. ஷோர் ஏ அளவியை வைத்துப் பார்த்ததில் பின் டயர் 79, முன் டயர் 67. எண் ஏற ஏற ரப்பர் கெட்டி. முன்னால் இருந்ததோ இரண்டு வருடம் ஓடிய பழைய டயர்!

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்கள் பலர் தடுமாறுவது இந்தத் தேதி விஷயத்தில்தான். நம் ஊரில் இந்த வண்டிகள் ஞாயிற்றுக்கிழமை அவிநாசி ரோடு, மாதத்துக்கு ஒருமுறை வால்பாறை, எப்போதாவது கொல்லிமலை என்று ஓடும். வருடத்துக்கு 4,000 கிலோமீட்டர் தாண்டுவதே அபூர்வம். மீதி நாளெல்லாம் ஷெட்டில் உறை போர்த்தித் தூக்கம். இப்படி ஓடும் வண்டியில் டயர் தேய்ந்து தீராது, வயசாகித்தான் தீரும். ஃபோர்டு சொல்வது 6 வருடத்தில் மாற்று என்று, கட்டை எவ்வளவு மிச்சமிருந்தாலும். ஆக நீங்கள் காசு கொடுத்து வாங்குவது ரப்பரை அல்ல, வருடங்களை.

இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதே அளவில் 2025 தேதியுள்ள டயருக்கு வேறொரு கடை சொன்ன விலை 36,000. ஆறு வருடத்துக்கு வகுத்தால் வருடம் 6,000. இவர்கள் ‘ஸ்பெஷல் ரேட்’ என்று 32,000-க்குத் தந்த 2020 டயரில் மிச்சம் ஒன்பது மாதம்கூட இல்லை. 4,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 32,000 போனது.

இதே காரணத்தால், “இதுல பிடிமானம் கொஞ்சம் கம்மிங்ண்ணா, ஆனா 50,000 கிலோமீட்டர் வருமுங்க” என்று டூரிங் டயரைத் தலையில் கட்டுவதும் வீண் செலவு. வருடம் 4,000 ஓடும் வண்டிக்கு அந்த 50,000 வர 12 வருடம் ஆகும், அதற்குள் ரப்பர் கட்டையாகிவிடும். நீண்ட ஆயுளுக்குக் கொடுத்த காசு அப்படியே வீணாகப் போகும். 20,000 கிலோமீட்டரில் தேய்கிற, நன்றாகப் பிடிக்கிற டயர்தான் இந்த ஓட்டத்துக்குச் சிக்கனம். தினமும் திருப்பூர் போய் வருகிறவருக்குக் கணக்கு தலைகீழ். அவர் டூரிங் பக்கம் போகலாம், மலையேறும்போது வலது காலை அடக்கிக்கொண்டால் சரி.

சுவரில் உள்ள டிரெட்வேர் எண்ணை (கூடினால் டயர் மெதுவாகத் தேயும் என்று அர்த்தம்) காட்டி கடையில் கதை விடுவார்கள். அந்த எண்ணை டயர் கம்பெனியே சோதித்து, தானே போட்டுக்கொள்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட உதவும். ஒரு கம்பெனியின் 300-ஐ இன்னொன்றின் 340-ஓடு ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். பக்கத்தில் ‘டிராக்‌ஷன் ஏஏ’ என்று இருப்பது ஈரத் தரையில் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும் சோதனைக்கு மட்டும். வளைவில் பிடிப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 200-க்குக் கீழே இருக்கும் டிராக் வகை டயர்கள் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் அருமை, அடைமழையில் பர்லியாறு பக்கம் கண்டம். அதற்கென்று தனி செட் ரிம் வைத்துக்கொள்ள வசதியிருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் 300 சுற்றுவட்டாரத்தில் உள்ள ரோடு டயரே போதும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி காலைக் குளிரில், 7 டிகிரிக்குக் கீழே போனால், இவையும் இறுகித்தான் இருக்கும். முதல் பத்து கிலோமீட்டர் பொறுமையாக இறங்கவும்.

அளவு விஷயம். இந்த வண்டிக்கு முன்னால் 255/40 ஆர்19, பின்னால் 275/40 ஆர்19 (முதல் எண் அகலம் மில்லிமீட்டரில், அடுத்தது சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதம், கடைசி ரிம் எத்தனை இஞ்ச்). கடையில் முதலில் சொன்னது, “நாலும் 255-ஏ போட்டுக்கலாமுங்ண்ணா, மாத்தி மாத்திப் போட்டுக்கலாம், உழைக்கும்” என்று. 400 குதிரைச் சக்திக்குப் பக்கத்தில் பின்சக்கரத்துக்கு அனுப்பும் வண்டியில் பின் டயரைக் குறுக்குவது எதற்கென்று கேட்டால் பதிலில்லை. அகலத்தோடு சக்கரத்தின் உயரமும் குறையும். 255/40-க்கும் 275/40-க்கும் விட்டத்தில் 16 மில்லிமீட்டர் வித்தியாசம், ஏபிஎஸ் கணினி பழகியிருக்கும் முன்–பின் விகிதம் அதில் மாறும்.

அளவுக்கு அடுத்து வரும் எண்ணையும் எழுத்தையும் விடாதீர்கள். 101 என்றால் ஒரு டயர் 825 கிலோ தாங்கும், 96 என்றால் 710. வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் யாரும் போகப் போவதில்லை, போகவும் வேண்டாம். ஆனால் மேல் எழுத்துக்குக் கட்டிய டயர் வெப்பத்தைத் தாங்கும்படி செய்தது, மலையிறங்கும்போது உதவும். கம்பெனி போட்டுக் கொடுத்ததற்குக் கீழே இறங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ முத்திரை சுவரில் இல்லாவிட்டால் அந்த டயரை எடுத்துப் பார்க்கவே வேண்டாம்.

வரியிலும் கை வைத்திருக்கிறார்கள். துண்டுச் சீட்டில் கையால் எழுதிய கணக்கு: 25,000, வரி 28 சதம் 7,000, மொத்தம் 32,000. டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதம். “பழைய ஸ்டாக்குங்ண்ணா, பழைய வரியில வந்தது” என்பது பேச்சு. வரி என்பது விற்கிற நாளின் விகிதம், சரக்கு கடைக்கு வந்த நாளின் விகிதம் அல்ல. 25,000-க்கு 4,500 தான் வரி. டயருக்கு 2,500 வீதம் 5,000 ரூபாய் இதில் மட்டும். (புது ஸ்டாக் என்று விற்றவர் வரி என்று வந்ததும் பழைய ஸ்டாக் என்று ஒப்புக்கொண்டதைக் கவனித்தீர்களா!)

இனிப் போகிறவர்கள் செய்ய வேண்டியது. போனிலேயே நான்கு எண் தேதியைக் கேளுங்கள், டயரின் அந்த இடத்தை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். “வந்து பாருங்கண்ணா” என்று இழுத்தால் அடுத்த கடை. ஒரு வருடத்துக்குள் என்றால் முழு விலை கொடுக்கலாம். 19 இஞ்ச் அளவுகள் 2020 ஜூன் முதல் இருக்கும் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் எளிதில் கிடைப்பதில்லை, அதனால் ஒன்றரை வருடம் வரை, விலை குறைத்தால் ஏற்கலாம் என்பது நியாயம். குடோனில் இருட்டில், குளிர்ச்சியில் வைத்த டயர் மெதுவாகத்தான் வயசாகும் என்பதும் உண்மையே. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே, ஏப்ரல் மாதக் கரூர் வெயிலில் அடுக்கி வைத்ததற்கும் அதே வாயால் அதையே சொல்வார்கள்.

கடையில் டயரைக் கையில் வாங்கி, பாலிஷ் பளபளப்பைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். காடியின் அடியில் விரலால் அமுக்கிப் பிளந்தால் மயிரிழை வெடிப்பு தெரியக் கூடாது. ரிம்மில் உட்காரும் விளிம்பில் லிவர் பட்ட வடு, உள்ளே ரப்பர் தூள், பஞ்சர் ஒட்டு இருந்தால் ஏற்கெனவே ஓடிய டயர். அச்சில் வார்த்தபோது நீட்டிக்கொண்டு வந்த ரப்பர் முளைமயிர் இருப்பது நல்ல அடையாளம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். இந்த ஐந்து வயது டயரிலும் அது இருந்தது.

மெஷினில் ஏற்றும் முன் டேஷ்போர்டை ஒரு போட்டோ. காற்றழுத்த சென்சார் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதற்கு அதுவே ஆதாரம். டயர் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கும் கருவியை வால்வுக்கு அருகே வைத்தால் சென்சார் நொறுங்கும், “முன்னமே போயிருச்சுங்க” என்பார்கள். 40 புரொஃபைல் சுவர் விறைப்பு, சாதாரண மெஷினில் நெம்பினால் ரிம் விளிம்பு சிராயும். பேலன்ஸ் எடைகள் உள்பக்கம் ஒட்டுவதாக இருக்கட்டும். நட்டை ஏர் கன்னால் விட்டடிக்க விடாமல் டார்க் ரெஞ்ச் கேளுங்கள். இந்த வண்டிக்கு 204 நியூட்டன் மீட்டர், 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை. நைட்ரஜனுக்குத் தனிக் காசு வேண்டாம், காற்றில் 78 சதம் அதுதான்.

பில்லில் டயர் மாடல், அளவு, தேதி எண், டயருக்கான வரிக் குறியீடு எச்எஸ்என் 4011, 18 சதம் வரி, எல்லாம் எழுதி வாங்காமல் ஜிபே செய்யாதீர்கள். இந்த விவகாரத்தில் கையில் இருப்பது துண்டுச் சீட்டும் பணம் போன பதிவும்தான். கடை ஒப்புக்கொண்டது டயரைச் சரியான பக்கம் திருப்பிப் போட்டுத் தருவதற்கு மட்டும்: “ரோட்டுல ஓடின டயரைத் திருப்பி எடுக்க மாட்டோமுங்க.” தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று, அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அதுவரைக்கும் இரண்டு டயரும் கழற்றி, தேதி எண்ணைச் சுற்றி சாக்பீஸில் வட்டம் போட்டு, ‘இன்சைட்’ எழுத்து தெரியும்படி ஷெட்டில் சாய்த்து வைத்திருக்கிறது.