கல்லறைச் சாப்பாடு: அசலா, பொம்மையா?

பண்டைய எகிப்தியர் இறந்தவருக்குச் சாப்பாடு கட்டி அனுப்பியதில் இரண்டு வழிகளைப் பார்க்கலாம்.

ஒன்று, அசல் உணவு. அரச கல்லறைகளைக் கட்டிய தொழிலாளர்களின் ஊரான டெய்ர் எல்-மெதினாவில் 1906-இல் கொள்ளையர் கைபடாமல் கிடைத்தது கட்டடப் பணித் தலைவர் கா, அவர் மனைவி மெரிட் ஆகியோரின் கல்லறை. ரொட்டி, பூண்டு, பேரீச்சை, உப்பிட்ட பறவை இறைச்சி என்று ஒரு வீட்டுச் சமையலறையே உள்ளே இருந்தது. இப்போது அவற்றில் பெரும்பாலானவை இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில். மூடி முத்திரையிட்ட சில ஜாடிகளை இன்னும் யாரும் திறக்கவில்லை.

மற்றது பொம்மை. காவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பு வாழ்ந்த உயரதிகாரி மெகெட்ரேவின் கல்லறையில் ரொட்டி சுடும் கூடம், பீர் தயாரிக்கும் கூடம், தானியக் களஞ்சியம் எல்லாமே குட்டி மர வடிவில். களஞ்சியத்தில் எழுத்தர்கள் உட்கார்ந்து கணக்குக்கூட எழுதுகிறார்கள்! 1920-இல் கிடைத்த இவற்றைக் கெய்ரோவும் நியூயார்க்கும் பங்கிட்டுக்கொண்டன.

வைத்த ரொட்டி தீர்ந்துபோகும். பொம்மைக் கூடமோ மறுவுலகில் சுட்டுக்கொண்டே இருக்கும் என்பது நம்பிக்கை. அந்தக் கணக்கில் மெகெட்ரே கெட்டிக்காரர். சரி, அவர்கள் உண்மையில் என்ன சாப்பிட்டார்கள் என்று தெரிய வேண்டுமென்றால்? நான் டூரினுக்குத்தான் டிக்கெட் எடுப்பேன்.