கடைசி 22 நிமிடம்: கேசட்டை டிவிடிக்கு மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டுக் கல்யாண கேசட்டை எப்போதோ டிவிடிக்கு மாற்றி பீரோவில் வைத்திருக்கிறீர்களா? தயவுசெய்து இந்த வாரமே அதை எடுத்து ஓட்டிப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். கடைசி அரை மணி நேரத்தைப் பாருங்கள். நான் பதினான்கு வருஷம் பார்க்காமல் வைத்திருந்தேன். அதனால் போனது திரும்பக் கிடைக்கவில்லை.

அக்கா கல்யாணம் 1993இல், சிவகங்கைப் பக்கம் எங்கள் கிராமத்து வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. வீடியோ எடுப்பதே அப்போது பெரிய செலவு. அப்பா தயங்காமல் எடுக்கச் சொன்னார். மூன்று மணி நேர விஹெச்எஸ் கேசட்டில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பதிவாகியிருந்தது. அப்புறம் அக்கா மகளின் காதுகுத்து, தம்பி கல்யாணம், கிராமத்து வீட்டுப் பொங்கல் என்று ஆறு கேசட் சேர்ந்துவிட்டது. 2009இல் வீட்டு விசிஆர் பழுதானபோது எல்லாவற்றையும் டிவிடியாக மாற்றிவிடலாம் என்று மதுரையில் ஒரு ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போனேன்.

கடைக்காரர் நன்றாகப் பேசினார். கேசட்டுக்கு 300 ரூபாய். "சாதா டிஸ்கில் போட்டால் ரெண்டு வருஷத்துல போயிரும் தம்பி. ஜப்பான் ஒரிஜினல் இருக்கு, டிஸ்குக்கு அம்பது ரூபாய் கூட ஆகும். நூறு வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்றார். நான் உடனே சரி என்றேன். ஒவ்வொன்றிலும் இரண்டு காப்பி போடச் சொன்னேன், ஒன்று எங்களுக்கு, ஒன்று அக்காவுக்கு. பன்னிரண்டு டிஸ்குக்கு 600 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துப் போனால் எல்லாம் தயாராக இருந்தது. டிஸ்க் மேலே மணமக்கள் படம் போட்ட வட்டமான காகித ஸ்டிக்கர் ஒட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு அழகாகக் கொடுத்தார்கள். கடை டிவியில் போட்டுக் காட்டினார்கள். மாப்பிள்ளை அழைப்பு ஓடியது, மேளச் சத்தம் தெளிவாகக் கேட்டது. மனசு நிறைந்துபோய்ப் பணத்தைக் கொடுத்தேன்.

கிளம்பும்போது அவர் சொன்ன இன்னொரு வார்த்தைதான் என்னால் மறக்க முடியாதது. "இந்தக் கேசட்டெல்லாம் இனி எதுக்கு? பூஞ்சை பிடிச்சுக் கெடக்கு, தூக்கிப் போட்டுருங்க." நானும் வீடு மாறும்போது கேசட்டை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

2023இல் அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிவானது. நலங்கு அன்று வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, "அம்மா கல்யாண வீடியோவைப் போடு மாமா" என்று அவள் கேட்டாள். டிவிடி பிளேயரைத் தேடி எடுத்து மாட்டினேன். அப்பா 2011இல் காலமானவர். பந்தியில் தோளில் துண்டோடு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடுவதைப் பார்த்ததும் அம்மா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு மணி 38ஆவது நிமிடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. சத்தம் ஒரே எழுத்தில் சிக்கிக்கொண்டு 'க க க' என்றது. பிளேயருக்குள் டிஸ்க் வேகமாகச் சுற்றுவதும் நிற்பதும் கேட்டது. அவ்வளவுதான், நின்றுவிட்டது. அடுத்து வர வேண்டியது மறுவீட்டுக்குக் கிளம்பும்போது அப்பத்தா திருநீறு பூசி அனுப்பும் இடம். அப்பத்தா பேசி நடமாடும் படம் எங்களிடம் அது ஒன்றுதான். அக்காவின் காப்பியை எடுத்துப் போட்டோம். அது 1 மணி 41இல் நின்றது.

மறுநாள் டிஸ்கை உறையிலிருந்து எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நடுவே ஊதா நிறம் ஒரே சீராக இருந்தது. வெளி விளிம்பிலிருந்து உள்ளே ஒரு விரற்கடை அளவுக்கு மட்டும், காகிதத்தில் டீ சிந்திக் காய்ந்ததுபோல வெளுத்த திட்டுகள். மேலே ஒட்டிய ஸ்டிக்கர் ஓரத்தில் உப்பி, டிஸ்கே லேசாக வளைந்திருந்தது. மேஜையில் வைத்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

மதுரையிலேயே ஹார்ட் டிஸ்க் மீட்கும் வேலை செய்யும் நண்பரிடம் கொண்டுபோனேன். அவர்தான் எனக்கு விளங்க வைத்தார். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளைப் பசை போட்டு ஒட்டியது. நாம் எழுதும் வகையில், அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சாயப் படலமும் அதை ஒட்டிப் பளபளக்கும் உலோகப் படலமும் இருக்கும். லேசர் சுடுவது அந்தச் சாயத்தைத்தான். பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளி ஓரத்தில் முடியும். ஓரத்தில் பசை சரியாக இல்லாவிட்டால் ஈரமும் காற்றும் முதலில் அங்கேதான் நுழையும். கை படுவதும் அங்கேதான். அதனால் டிஸ்க் நிறையப் பதிந்திருந்தால் படத்தின் கடைசிப் பகுதி முதலில் சாகிறது. கடையில் முதல் ஐந்து நிமிடத்தைப் போட்டுக் காட்டினால் எந்த மட்டமான டிஸ்கும் நன்றாகத்தான் ஓடும். எனக்கு அது அப்போது தெரியாது.

அடுத்ததாக அவர் இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருளைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார். எழுதும் டிஸ்க் ஒவ்வொன்றிலும், ஆலையில் வார்க்கும்போதே தயாரிப்பாளரின் குறி ஒன்று பதிந்துவிடும். மேலே எந்தப் பெயரை அச்சடித்தாலும் அது மாறாது. தையோ யூடன் என்ற ஜப்பான் கம்பெனியின் 16 மடங்கு வேக டிவிடி என்றால் 'டிஒய்ஜி03' என்று வரும். மிட்சுபிஷி கெமிக்கலின் வெர்பேட்டிம் என்றால் 'எம்சிசி 03ஆர்ஜி20' என்று வரும். நான் ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்த 'ஜப்பான் ஒரிஜினல்' டிஸ்கில் ஜப்பான் கம்பெனி எதன் குறியும் இல்லை. மொத்தமாக டப்பாவில் வாங்கும் மலிவு டிஸ்கில் கடைக்காரர் தன் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார். பன்னிரண்டு டிஸ்கையும் போட்டுப் பார்த்தோம். பன்னிரண்டிலும் ஒரே குறி.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய பிராண்டுகளே வேறு ஆலைகளில் வாங்கித் தங்கள் பெயரில் விற்றது உண்டு, அது மோசடி ஆகாது. இல்லாததை இருக்கிறது என்று சொல்லி அதற்குத் தனியாகப் பணம் வாங்குவதுதான் மோசடி.

நண்பர் டிஸ்கில் எவ்வளவு பிழை வருகிறது என்றும் அளந்தார். எல்லா டிரைவும் இதை அளக்காது. அவரிடம் இருந்த பழைய லைட்ஆன் டிரைவ் அளந்தது. பிஐ பிழை என்ற கணக்கு 280க்கு மேல் போகக் கூடாது என்பது டிவிடிக்கான தர விதி. எங்கள் டிஸ்கில் உள்வட்டத்திலேயே நூறைத் தொட்டு, ஓரத்துக்கு வரும்போது ஆயிரத்தைத் தாண்டியது. பிளேயர் திணறியதில் ஆச்சரியமே இல்லை.

மீட்கும் வேலை இரண்டு நாள் நடந்தது. டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளில், படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு முடியாத இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகச் செய்தார். மூன்று வெவ்வேறு டிரைவில் போட்டார், ஒன்று படிக்காததை இன்னொன்று படித்தது. இரண்டு காப்பியும் ஒரே பதிவு என்பதால், இதில் கெட்ட இடத்தை அதிலிருந்து எடுத்து ஒட்டவும் முடிந்தது. அப்படியும் கடைசி ஏழு நிமிடம் வரவில்லை. அப்பத்தா கையை நீட்டும் இடம் வரை இருக்கிறது. முகம் திரும்பும்போது படம் உடைந்துவிடுகிறது. குரல் இரண்டே சொல் கேட்கிறது: "நல்லா இரு".

இரண்டு காப்பி எடுத்தோமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். இரண்டும் ஒரே டப்பாவில் இருந்த டிஸ்க், ஒரே நாளில் ஒரே மெஷினில், உச்ச வேகத்தில் எழுதியது. ஒன்றுக்கு வந்த நோய் மற்றதுக்கும் வந்தது. மூன்று நிமிட வித்தியாசத்தில் இரண்டும் நின்றதைப் பார்த்தால் தெரியவில்லையா?

கடைக்குப் போய்க் கேட்டேன். ரசீதில் 'ஜப்பான் டிஸ்க் 12' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "பதினாலு வருஷம் கழிச்சு வந்து கேட்டா நான் என்ன தம்பி செய்யிறது? அப்ப சப்ளை பண்ணவன் எனக்கு அப்படித்தான் சொன்னான்" என்றார். அவரையும் யாரோ ஏமாற்றியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கேசட்டைத் தூக்கிப் போடச் சொன்னது சப்ளை செய்தவர் இல்லை. அதைச் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. 600 ரூபாயைத் திருப்பித் தருகிறேன் என்றார். நான் வாங்கவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மீட்டதை நல்ல டிஸ்கில் எழுதி வைக்கலாம் என்று இணையத்தில் ஐம்பது டிஸ்க் டப்பா ஒன்று வாங்கினேன். 'தையோ யூடன், ஜப்பான் தயாரிப்பு, 16 மடங்கு வேகம்' என்று போட்டிருந்தது, விலையும் அதிகம். வந்ததும் குறியைப் பார்த்தேன். 'டிஒய்ஜி02' என்று வந்தது. ஜப்பான் குறிதானே என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். நண்பர்தான் நிறுத்தினார். 02 என்பது 8 மடங்கு டிஸ்கின் குறி, டப்பாவிலோ 16 என்று இருக்கிறது. தையோ யூடன் 2015லேயே டிஸ்க் தொழிலை விட்டுப் போய்விட்டது. அதாவது போலிகள் அந்தக் குறியையும் சேர்த்தே காப்பி அடிக்கிறார்கள். எழுதிப் பார்த்த முதல் இரண்டு டிஸ்கும் ஓரத்தில் சரிபார்ப்பில் தோற்றன. இந்த முறை பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுத்து வைத்திருந்ததால் பணம் திரும்ப வந்தது.

ஆகவே குறி சரியாக இருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம். குறியும் டப்பாவில் போட்ட வேகமும் பொருந்த வேண்டும், அந்தக் கம்பெனி இன்னும் தயாரிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நல்ல சரக்கு செய்த பலர் இன்று களத்தில் இல்லை. கிரேட்டர் நொய்டாவில் உலக அளவில் டிஸ்க் செய்த நம் நாட்டு மோசர் பேர் 2018இல் கலைப்புக்குப் போனது. வெர்பேட்டிம் 2019இல் தைவானின் சிஎம்சி மேக்னடிக்ஸ் கைக்கு மாறியது. சோனி 2025 பிப்ரவரியோடு எழுதும் புளூரே டிஸ்க் செய்வதை நிறுத்திவிட்டது. பழைய பெயருக்கு இருந்த மரியாதையை வைத்து இன்று வாங்கக் கூடாது.

இப்போது நான் எழுதுவது புளூரே டிஸ்கில். அதிலும் ஒரு விஷயம் உண்டு. சாதாரண புளூரேயில் பதிவுப் படலம் கனிமப் பொருள், சாயம் இல்லை. ஆனால் உறையில் எல்டிஹெச் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் அது பழைய சாய வகை, நீண்ட காலத்துக்கு வேண்டாம். எம்-டிஸ்க் என்று தனியாக ஒன்று இருக்கிறது, கனிமப் படலத்தில் ஆழமாகப் பதிப்பது. அதன் டிவிடி வகையைச் சாதாரண பிளேயரே படித்துவிடும், எழுத மட்டும் அதற்கென்ற டிரைவ் வேண்டும். விலை கூடத்தான். கல்யாண வீடியோ மாதிரி நாலைந்து பதிவுக்கு அந்தச் செலவு தகும்.

டிவிடியே போதும் என்றால் இரட்டை அடுக்கு வேண்டாம், அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வகையும் வேண்டாம். டிஸ்கை நிறைக்காமல் ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். உச்ச வேகத்தில் எழுதச் சொல்லாதீர்கள், எழுதி முடித்ததும் முழுவதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. நடுத் துளையைச் சுற்றியுள்ள தெளிவான வளையத்தில் நீர் மை மார்க்கரால் எழுதினால் போதும். பிளாஸ்டிக் உறையில் போட்டுப் படுக்க வைக்காமல், கெட்டிப் பெட்டியில் புத்தகம்போல நிறுத்தி வையுங்கள். 20 டிகிரிக்குள் வெப்பமும் 50 சதவீதத்துக்குள் ஈரமும் நல்லது என்கிறார்கள். நம் ஊர் வீட்டில் அது நடக்காது. வெயில் விழும் மொட்டைமாடிச் சுவரை ஒட்டிய பரணில் வைக்காமல் இருந்தாலே பாதி கிணறு தாண்டிய மாதிரி.

இதையெல்லாம் விட முக்கியமானது, கடையில் டிஸ்க் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மாற்றிய பதிவை உங்கள் ஹார்ட் டிஸ்கிலும் ஏற்றித் தரச் சொல்லுங்கள். நான் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றை அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன். கேசட்டை யார் என்ன சொன்னாலும் தூக்கிப் போடாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தால் விசிஆரில் அப்படியே செருகவும் வேண்டாம், டேப்பும் கெடும், பூஞ்சை விசிஆர் ஹெட்டிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் விசிஆர் செய்வதை நிறுத்தியபிறகு புது மெஷின் வருவதில்லை, அதனால் தள்ளிப் போட நேரமில்லை.

போன வாரம் காரைக்குடி அத்தை பேசினார். அக்கா கல்யாணத்தின்போது வீடியோக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்கென்று ஒரு கேசட் தனியாகப் போட்டுக் கொடுத்தாராம். அது மாமாவின் தம்பி வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதாம். மறுவீடு அதில் முழுசாக இருக்கிறதா என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. நான் வரும்வரை பெட்டியைத் திறக்க வேண்டாம், எதிலும் போட்டுப் பார்க்கவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நண்பரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.